பை

பதினைந்து அணி வந்தது.
பதினாறு வந்திருந்தால் எனக்கு வேலை சுலபம்.
கரும்பலகையில் கோடு கிழித்து
இரண்டிரண்டாகப் பெயரெழுதி
வாராவாரம் பாதியை
ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.
இது பி டிவிஷன் கோப்பை.
ஏ டிவிஷனில் ஒரே ஒரு நாள்
பந்து பொறுக்கிப் போட்டவனைக்கூடச் சேர்க்காதே
என்பது விதி ஏழு.
தோற்றால் வீடு. மறுபேச்சில்லை.

சீட்டுக் குலுக்கிய தாம்பாளத்தில்
கடைசியாகக் கிடந்தது கண்டனூர் ஸ்பார்ட்டன்ஸ்.
"உங்களுக்குப் பை" என்றேன்.
கேப்டன் அடைக்கலம் கையை நீட்டினான்.
"பையில என்னண்ணே இருக்கு?"
"ஒண்ணுமில்ல. ஆடாமலே அடுத்த ரவுண்டு."
வாங்கிக்கொண்டவன் போல
கையை மடக்கிக்கொண்டு போனான்.

காலிறுதிக்குக் கொத்தமங்கலம் வரவில்லை.
சென்டர் பார்வர்டுக்கு அன்று முகூர்த்தம்,
மீதிப் பத்துப் பேரும் பந்தியில்.
ரெஃப்ரி ஷேக் மீரான் அரைமணி நேரம்
சாலையைப் பார்த்துவிட்டு
வாக்கோவர் என்று ஊதினார்.
மறுநாள் மன்னிப்புக் கடிதத்தோடு
ஒரு தூக்குவாளி பாயசம் வந்தது.

அரையிறுதியன்று மழை.
செம்மண் மைதானம் ஊருணியோடு சேர்ந்துகொண்டது.
கோல்போஸ்ட் இரண்டும்
குளிக்க இறங்கியவை மாதிரி நின்றன.
காசு சுண்டினோம்.
சேற்றில் விழுந்து காணாமல் போயிற்று.
டீக்கடையில் ஒன்று கடன் வாங்கி மறுபடி சுண்டினோம்.
"தலை" என்றான் அடைக்கலம்.
தலை.
முதல் காசில் என்ன விழுந்தது என்று
பள்ளத்தூர்க்காரர்கள் இன்னும் கேட்கிறார்கள்.

ஆக,
ஒரு பந்தைத் தொடாமல்
ஒரு முழங்கால் சிராய்க்காமல்
ஜெர்சியில் இஸ்திரி மடிப்போடு
கண்டனூர் இறுதிக்கு வந்துவிட்டது.
ஊரில் பேனர் வைத்துவிட்டார்கள்:
தோல்வியே காணாத சிங்கங்களே!
பிழையென்று சொல்ல முடியாது.

எதிரே புதுவயல் ரைஸ்மில்.
மூட்டை தூக்கும் தோள்கள்.
மூன்று ஆட்டம் ஆடி வந்தவர்கள்,
அதிலொன்று பெனால்டியில்,
வெளிச்சம் போய்
பைக் ஹெட்லைட்டுகளை வரிசையாய்ப் போட்டு.
கோலி அந்தோணிராசு
இரவு லோடு இறக்கிவிட்டு நேரே வந்திருந்தான்.
புருவத்தில் தவிடு.

பத்து நிமிடத்தில் இரண்டு.
இடைவேளைக்குள் நாலு.
கண்டனூர்ப் பையன்களின் கால்கள்
அன்றுதான் ஒன்றுக்கொன்று அறிமுகமாகிக்கொண்டிருந்தன.
கூட்டம் முதலில் சிரித்தது
பிறகு போனைப் பார்த்தது
ஐந்தாவது விழுந்தபோது
செருப்பைத் தேடியது.

எழுபத்தெட்டாம் நிமிடம்.
அடைக்கலம் அடித்தது வெளியேதான் போயிருக்கும்.
ஸ்டாப்பர் பாண்டிமுனியின் முழங்காலில் பட்டு
அந்தோணிராசின் தவிட்டுப் புருவம் தாண்டி
வலைக்குள்.
வலை என்றால் பழைய மீன்வலை.
ஓட்டையில் புகுந்து
ஊருணியில் போய் விழுந்தது பந்து.

பதினோரு பேரும் ஓடினார்கள்,
அவர்கள் கோலியும் சேர்த்து.
பந்தோடு தண்ணீரில் குதித்தார்கள்.
ரெஃப்ரி ஊதிக்கொண்டே இருந்தார்.
கிளம்பிய கூட்டம் திரும்பி வந்து கரையில் நின்று கத்தியது.
கோப்பை வாங்கியபோது புதுவயல்கூட
இவ்வளவு சத்தம் போடவில்லை.
பாண்டிமுனி மட்டும்
முழங்காலைத் தடவிப் பார்த்தான்.
பிறகு என்னைப் பார்த்தான்.

சட்டப்படி அது சேம் சைடு கோல்.
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன்.
இந்த நோட்டில் இது முதல் பொய்யுமில்லை;
போன வருடம் "மழையால் ரத்து" என்று எழுதியது
பந்து இல்லாமல் நின்றுபோன ஆட்டம்.
அடைக்கலம், 78
என்று எழுதி
மை காய ஊதினேன்.

இருட்டுகிற நேரம்
நாற்காலிகளை அடுக்கும்போது வந்தான்,
சொட்டச் சொட்ட.
ஊருணிச் சேற்றில் காலில் தட்டுப்பட்டதாம்
ஐந்து ரூபாய்க் காசு.
"அன்னைக்கித் தொலைஞ்சதுதானேண்ணே?"
எடுக்கும்போது
எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று
நான் கேட்கவில்லை.
வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.